மூன்று முறை கூப்பிட்டேன்

இந்த நாற்காலியின் ஒரு கால் சற்றுக் குட்டை. அட்டைத்துண்டு ஒன்றை மடித்து அடியில் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். போகும்போது நானே செய்துவிட்டுப் போகிறேன். அட்டை மடிப்பதும் நாடா ஒட்டுவதும் எனக்குக் கைவந்த வேலைகள்.

மேசைமேல் நான் வைத்திருக்கும் பெட்டி உங்களுக்குத்தான். இப்போது பிரிக்க வேண்டாம். நான் சொல்லி முடித்தபின் பிரியுங்கள்.

நான் வந்தது ஒரு சொல்லைத் திருத்தச் சொல்ல. என் தம்பியின் சாவைப் பற்றிய அறிக்கையில், காரணம் என்ற இடத்தில், 'நிறுவனத்தின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என் தங்கை வாசித்துக் காட்டினாள். மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கள் நிறுவனத்தில் உடைந்த பார்சல் உண்டு, தாமதமான பார்சல் உண்டு. கவனக்குறைவு என்று ஒன்று அப்பா கடை திறந்த நாளிலிருந்து இல்லை. பூச்சி மருந்து அடித்தவரையும் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனிதர். அவரை விடுவதும் விடாததும் உங்கள் பாடு. எனக்கு அந்தச் சொல் போக வேண்டும்.

அது போக வேண்டுமானால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

பார்சல் தொழில் என்றால் வண்டி ஓட்டுவது என்று நினைக்கிறார்கள். வண்டி யாரும் ஓட்டலாம். அடுத்தவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தொழில். ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, காதில் வைத்துப் பார்க்கக் கூடாது. இதுதான் அப்பா எங்களுக்கு வைத்த விதி. முறிந்துபோன கல்யாணங்களின் பரிசுப் பெட்டிகள் எங்கள் வண்டியில் திரும்பிப் போயிருக்கின்றன. வெளியூரில் செத்தவர்களின் சாம்பல் வந்திருக்கிறது. பெரிய மனிதர்கள் யார் யாருக்கோ அனுப்பியவை எல்லாம் போயிருக்கின்றன. உள்ளே என்னவென்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறதே, அதுதான் எங்கள் குடும்பத்தின் சொத்து.

கிடங்குக்கு இன்னும் இரண்டு முறைகள் வைத்திருந்தார். ஒன்று, செருப்பை வாசலில் உள்ள தட்டில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடுத்தவர் பொருள்மேல் நம் கால் மண் படக் கூடாது என்பதற்காக. இதில் இன்னொரு வசதியும் இருந்தது. தட்டைப் பார்த்தால் போதும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மற்றது, கதவைச் சாத்துமுன் வீட்டுக்கு மூத்தவர் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒரு தடவை சுமை தூக்குகிறவர் ஒருவர் மூட்டைகளுக்குப் பின்னால் அசந்து தூங்கிவிட்டார். தெரியாமல் பூட்டிவிட்டோம். மறுநாள் கதவைத் திறந்ததும் அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த முறை. அப்பாவுக்குப் பின் நான் கூப்பிடுகிறேன்.

போனிலேயே பொருள் விற்கிற அந்தக் கம்பெனி வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் வீட்டுக்கும் அதன் பெட்டிகள் வந்துகொண்டிருக்கும். முதலில் எங்களிடம் வாடிக்கையாளராக வந்தார்கள். பனியன் மாதிரி சட்டை போட்ட ஒரு இளைஞன் வந்து என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். நாற்காலியில் அல்ல, மேசையில்.

"நீங்க இல்லாம நாங்க இல்ல அங்கிள். நீங்கதான் எங்க பார்ட்னர்."

"எழுந்து நாற்காலியில உக்காருங்க" என்றேன்.

"சாரி அங்கிள்" என்று சிரித்தான். எழுந்தானே தவிர உட்காரவில்லை.

எங்கள் ஆட்களோடு வண்டியில் சுற்றினான். எந்தத் தெரு எங்கே முட்டும், எந்த வீட்டில் மணியடித்தால் யார் எட்டிப் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்டான். பிறகு சொந்த வண்டிகள் வந்தன. எங்கள் ஓட்டுநர்களில் பாதிப்பேர் அந்த வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு வீட்டு வாசலில் பொருள், கொண்டுவரக் கூலியும் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். ஊரே அந்தப் பக்கம் சாய்ந்தது. என் தங்கைகூட அங்கேதான் வாங்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"உங்க வண்டி வர்றதுக்குள்ள குழந்தை வளந்து சட்டை பத்தாமப் போயிடுதுண்ணே" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

இப்போது என் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். தலை நரைத்த பிறகும் அதுதான். எனக்கும் அவனுக்கும் நிறைய வயது வித்தியாசம். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவனை வளர்த்தேன். அவனுக்குச் சட்டைத் துணி எடுத்ததும், பள்ளிக்கூடம் பார்த்ததும், பெண் பார்த்ததும் நான். அவன் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. நான் கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் "இதோ வந்துட்டேண்ணே" என்று குரல் வரும். குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். கிடங்கில் எல்லாருக்கும் அது பழகிப்போன வேடிக்கை.

ஒருநாள் என் அறைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, கோபப்படாமக் கேளுங்க. கொண்டுபோய்க் குடுக்கிற வேலை போச்சு. அது இனிமே வராது."

"சரி."

"திரும்பி வர்ற சரக்கு இருக்கு. ஜனங்க வாங்கறதுல பாதியத் திருப்பி அனுப்பிடறாங்க. அத வாங்கிப் பிரிச்சுப் பாத்து, நல்லது கெட்டது பிரிச்சு அனுப்பற வேலை. இடம் நம்மகிட்ட இருக்கு. ஆளும் இருக்கு."

"பிரிச்சா?"

"அது அவங்க சரக்குண்ணே. அவங்களே பிரிக்கச் சொல்றாங்க."

"அப்பா படத்தப் பாத்து இதச் சொல்லு."

அவன் திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். "அப்பா இருந்தா, வாடகை எவ்வளவு தருவான்னு மொதல்ல கேட்டிருப்பாரு" என்றான். அவன் எப்போதும் இப்படித்தான், சிரிக்க வைத்துக் காரியம் சாதிப்பான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "மிச்சம் இருக்கற ஆளுங்க வீட்டுக்கு என்னண்ணே பதில் சொல்றது? கௌரவமா மூடிட்டோம்னா?"

அதற்காக ஒத்துக்கொண்டேன். கிடங்கின் பின்பாதியை ஒட்டுப்பலகையால் தடுத்து அவனுக்குக் கொடுத்தேன். முன்பாதியில் எங்கள் பழைய வேலை, எங்கள் பெயர். பின்பாதிக்கு நான் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் நாற்றத்துக்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

மனிதர்கள் எதையெல்லாம் திருப்பி அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விருந்துக்கு ஒருநாள் உடுத்தி, அக்குளில் வெள்ளையாக உப்புப் பூத்த பட்டு உடை. உள்ளே மயிர் ஒட்டிய சவரக் கருவி. பால் திரிந்து கட்டியான குழந்தைப் புட்டி. நடுவில் மஞ்சளாக வட்டம் விழுந்த மெத்தை, அதன் மேல் வாசனைத் தண்ணீரைத் தெளித்து அனுப்பியிருப்பார்கள். ஒரு பெட்டியில் பொருளே இல்லை, பொருளின் எடைக்குப் பழைய துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தத் துணி எதற்குப் பயன்பட்டது என்று சொல்லி உங்கள் அறையை நான் அசிங்கப்படுத்தப் போவதில்லை. இப்படி அனுப்பியவர்கள் யாரோ அல்ல. தெருவில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறவர்கள். யார் வீட்டுக்குள் என்ன என்று தெரியாமல் எழுபது வயது வரை மரியாதையாக வாழ்ந்த எனக்கு, யார் வீட்டு அழுக்கு எந்த நிறம் என்று தெரிய ஆரம்பித்தது.

ஒவ்வொன்றையும் சோதிப்பதற்குத் திரையில் கேள்விகள் வரும். கிழிசல் உண்டா, கறை உண்டா, நாற்றம் உண்டா. கிழிசலுக்கும் கறைக்கும் கண் போதும். நாற்றத்துக்குக் கருவி கிடையாது. மூக்கைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிப்பதையும் முகர்வதையும் போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கூலி இல்லை.

ஆட்கள் முகர மாட்டோம் என்றார்கள். கூலி வாங்குகிற ஆட்களுக்கு இருந்த ரோஷம் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. "நீங்க மூட்டையத் தூக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

ஒருநாள் கையெழுத்து வாங்கப் பின்பக்கம் போக வேண்டியதாயிற்று. சின்னவன் விளக்குக்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எதிரே தாங்கியில் போன். காதுகளில் பாட்டு கேட்கிற கருவி. பாட்டு இல்லாவிட்டால் வாந்தி வந்துவிடும் என்று பிறகு சொன்னான். கையில் யாரோ போட்டுக் கழற்றிய உள்சட்டை. அதை விரித்து, தோளுக்குக் கீழே உள்ள இடத்தைத் தேடி, முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தான். அவன் மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு. நீளமாக, நுனியில் சற்றே வளைந்த மூக்கு. அந்த மூக்கு யாரோ ஒருவனின் அக்குளில் இருந்தது.

கையெழுத்து வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. அவன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். மூக்கை எந்தச் சோப்பால் கழுவுவது? சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விழுவதை எல்லாம் தன்னை அறியாமல் குனிந்து முகர்ந்தான். துவைத்த துண்டைக் கொடுத்தால் முகர்ந்தான்.

"என்னடா இது?" என்றேன் ஒருநாள்.

"பழக்கதோஷம்ணே" என்றான். பிறகு தன் மகளைப் பார்த்துக் கண்ணடித்து, "சாப்பாடு பாஸ், அனுப்பலாம்" என்று தட்டின் ஓரத்தை விரலால் அமுக்கினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து என் அறையில் தனியாகச் சாப்பிட்டேன்.

நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டு அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரே கம்பெனிப் பக்கம் போன பிறகும் எங்களிடமே அனுப்பிக்கொண்டிருந்த சில வீடுகளில் அது ஒன்று. அவர் ஒருநாள் நேரில் வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"என் பொண்ணு வீட்டுக்குக் கம்பளி அனுப்பினேன். உங்ககிட்டதான்" என்றார். "அங்க சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லார் முன்னாடியும் பிரிச்சிருக்கா."

கைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து என் மேசையில் பிரித்தார். அதில் ஒரு மூட்டைப்பூச்சி இருந்தது. உயிரோடு. நன்றாக இரத்தம் குடித்துப் பருத்திருந்தது. எந்த மெத்தையில் பிறந்து, எந்தத் தடுப்பைத் தாண்டி, எங்கள் பெயர் போட்ட பெட்டிக்குள் நுழைந்ததோ.

"உங்க அப்பா இருந்தா இத நான் கொண்டு வந்திருக்க வேண்டியிருக்காது" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

நான் அதைக் கட்டைவிரலால் நசுக்கினேன். அந்த நாற்றத்தை நீங்கள் அறிவீர்களோ என்னவோ. எத்தனை தடவை கழுவினாலும் இந்த விரலில் இன்னும் இருக்கிறது.

கிடங்கு முழுவதும் மருந்துப் புகை போடுவது என்று முடிவானது. சின்னவனும் ஒத்துக்கொண்டான். வார விடுமுறை நாளில் ஆட்கள் இல்லாதபோது வைத்துக்கொள்வது என்று பேச்சு. "காலையில வந்து என் வேலைய முடிச்சுட்டுக் கிளம்பிடறேண்ணே, அதுக்கப்புறம் போடுங்க" என்றான். கம்பெனிக்கு விடுமுறை கிடையாது அல்லவா.

அதற்கு முந்தின மாலை அவன் மகள் என் அறைக்கு ஓடி வந்தாள்.

"பெரியப்பா, அப்பா ஃபேமஸ் ஆயிட்டாரு! இங்க பாருங்க."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி எடுத்த படம். எல்லா ஊர்களிலும் காட்டுகிறார்களாம். சின்னவன் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பழைய ஷூவோடு நிற்கிறான். "தள்ளி வெச்சு மோந்தா தெரியாது. பக்கத்துல வெச்சு ஒரே இழுப்பா இழுக்கணும். பயப்படக் கூடாது" என்று சொல்லி, ஷூவுக்குள் மூக்கை நுழைத்து இழுத்துக் காட்டுகிறான். பிறகு நிமிர்ந்து சிரித்துக்கொண்டு சொல்கிறான்: "எங்க குடும்பம் பரம்பரையா இந்தத் தொழில்ல இருக்கு."

அவனுக்குப் பின்னால் சுவரில் அப்பாவின் படம்.

படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் சிரிக்கிற முகங்கள். ஒருவர், 'தாத்தா எதை மோந்தாரோ' என்று எழுதியிருந்தார். குழந்தை அதையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அவளுக்குப் புரியவில்லை.

சின்னவனைக் கூப்பிட்டேன். "இதோ வந்துட்டேண்ணே" என்று வந்தான்.

"அப்பா படம் ஏன் அங்க போச்சு?"

"பின்னால வெறும் சுவரா இருந்துச்சுண்ணே. பாக்க நல்லால்லன்னு அந்தக் கம்பெனிப் பையன் சொன்னான். அதான் எடுத்து மாட்டினேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே திரும்ப உங்க ரூம்ல மாட்டிடறேன்" என்றான்.

"வேண்டாம்" என்றேன். அந்த அறையில் மாட்டிய படத்தை நான் எப்படித் தொடுவது?

மறுநாள் நடந்ததைத் திட்டமிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் திட்டமிடுகிறவன் அல்ல. மருந்துக்காரரோடு கிடங்குக்குப் போனேன். அவர் பக்கத்துச் சுவரோரம் வண்டியை நிறுத்தி, காற்று வழிகளுக்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்தேன். செருப்புத் தட்டில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. சின்னவனுடையது.

அவனுடையது என்று சொல்வதுகூடத் தவறு. யாரோ வாங்கி, சில நாள் போட்டு, திருப்பி அனுப்பிய செருப்பு. கம்பெனியே வேண்டாம் என்று கழித்துவிட்டது. நல்ல தோலாக இருக்கிறதே என்று இவன் போட்டுக்கொண்டான். வேறொருவன் குதிகால் அழுத்தி அழுத்தி அதில் ஒரு குழி விழுந்திருந்தது, கறுப்பாக, வியர்வையில் பளபளத்துக்கொண்டு. எங்கள் அப்பாவின் மகன் அந்தக் குழியில் காலை வைத்துத்தான் நடந்தான். ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் கிடந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தொடப் பிடிக்காமல், ஒரு தாளால் பிடித்து எடுத்து, முன்பக்கத்து அலமாரியில் இருந்த காலிப் பெட்டி ஒன்றில் வைத்தேன். நாடா ஒட்டினேன். என் வண்டியில் கொண்டுபோய் வைத்தேன். தட்டு சுத்தமாக இருந்தது.

பிறகு வாசலில் நின்று, முறைப்படி, மூன்று முறை கூப்பிட்டேன்.

மருந்துக்காரர் வந்தார். அவருக்கு எங்கள் முறைகள் தெரியும். தட்டைப் பார்த்தார். "செருப்பு எதுவும் இல்ல. கூப்பிட்டுப் பாத்துட்டீங்களா ஐயா?"

"கூப்பிட்டுட்டேன்."

"பதில் இல்லயே?"

"இல்ல."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்கள் விசாரித்தபோதும் இதைத்தான் சொன்னேன். செருப்பு எங்கே என்று உங்களில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கதவைச் சாத்தி இடுக்குகளுக்கு நாடா ஒட்டுவது அவர் வேலை. நான் ஒட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, சுருக்கம் இல்லாமல், குமிழ் இல்லாமல், மூலைகளில் இரட்டையாக. அவர் பார்த்துவிட்டு, "ஐயா கை பட்டா அதுவே ஒரு தனி அழகு" என்றார். உண்மைதான். நான் ஒட்டிய பெட்டிகளில் இவ்வளவு பெரியது எதுவும் இருந்ததில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. தெரிய வைத்தது நீங்கள்தான். ஆறுதல் சொல்வது போல, அவன் போனில் பதிவாகியிருந்ததைப் போட்டுக் காட்டினீர்கள். காதில் பாட்டு. கையில் ஷூ. முகர்கிறான், முகத்தைச் சுளிக்கிறான், சந்தேகப்பட்டு மறுபடியும் முகர்கிறான். நாற்றம் உண்டு என்று திரையை அமுக்குகிறான். அடுத்து ஒரு தலையணை உறை. அதையும் முகர்கிறான், அதற்கும் நாற்றம் உண்டு. அடுத்து ஒரு குழந்தைச் சட்டை, விலைச்சீட்டே கிழிக்காதது. அதை முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கும் நாற்றம் உண்டு. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் ஏன் இன்றைக்கு ஒரே மாதிரி நாறுகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. கண்ணைத் துடைக்கிறான், இருமுகிறான், அடுத்ததை எடுக்கிறான். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள். நான் அழுகிறேன் என்று நினைத்தீர்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்கான தொழில் செய்தவனாக இருந்தால் விஷத்தின் வாடைக்கும் ஊரான் கால் வாடைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவன் எழுந்து படத்திலிருந்து வெளியே போகிறான். பின்கதவுப் பக்கம் போயிருப்பான். அங்கே மெத்தைகளை உத்தரம் வரை அடுக்கி வழியை அடைத்து வைத்திருந்தது அவனே. அதன் பிறகு ஒரு சத்தம் கேட்கிறது. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். டீ குடிக்கப் போயிருந்தேன் என்று சொன்னேன். அது ஒன்றுதான் உங்களிடம் நான் சொன்ன பொய். அதற்காக வருந்துகிறேன். கதவைச் சாத்தியவர், திறக்கும் வரை வாசலை விட்டு நகரக் கூடாது. நான் நகரவில்லை. நாற்காலி போட்டுக் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் மருந்துக்காரருக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தட்டுகிற சத்தம் முதலில் கொஞ்சம் வேகமாக இருந்தது. பிறகு கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. நாடா அசைந்ததா என்று பார்த்தேன். அசையவில்லை.

எழுந்து போய் ஒரு மூலையைக் கிழித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒட்டியதைப் பிரிப்பது எங்கள் வழக்கம் அல்ல.

இனி அந்தப் பெட்டியை நீங்கள் பிரிக்கலாம். நான் பிரிக்க மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். அனுப்புகிறவர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன், படிக்கும்படியாக.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவன் உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். செருப்பை எடுத்து மறைத்தவன் நான். கதவை ஒட்டியவன் நான். அவன் தட்டியபோது எழுந்திருக்காமல் இருந்தவனும் நான். ஒவ்வொன்றையும் நிதானமாக, கையாலும் மனதாலும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அதன் இடத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் மகள் என்னைப் பார்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரியப்பா ஏன் சாப்பிட வரவில்லை என்று நேற்றுக்கூடக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். அதற்கு மேல் அவளைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை கூப்பிட்டேன். அந்தப் பதிவில் என் குரல் கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்காதுதான். பக்கத்தில் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் ஆளைக் கூப்பிடுவோமே, அந்த அளவுக்குக் கூப்பிட்டேன். எவ்வளவு உரக்கக் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லி வைக்கவில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், சின்னவனே, சின்னவனே, சின்னவனே என்று. ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை அந்தக் குரல் வந்திருந்தால், செருப்பை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அவனை வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன்.

பிறந்ததிலிருந்து, நான் கூப்பிட்டு அவன் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் மரியாதை எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதை நீங்களே இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.